பெரிய வீட்டுச் செருப்பில் மாமனார் முகம்

தென்நகரத்து அரண்மனைச் செருப்புக் கொட்டடியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் அமெக். பெரிய வீட்டாரின் கால் அளவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை ஒரு சாணும் நாலு விரற்கடையும். இடது கால் மட்டும் ஒரு தானிய மணி அளவு கூடுதல். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் விழிப்பான். மன்னரின் பெயரைச் சொல்ல எங்களுக்கு நாக்கு எழாது. அவர் இருக்கும் வீட்டைச் சொன்னால் அவரைச் சொன்ன மாதிரி. அந்தப் பெரிய வீட்டார் தெருவில் வந்தால் ஊரே மண்ணை முத்தமிட்டுக் கிடக்கும். நிமிர்ந்து பார்க்கிற பேச்சே கிடையாது.

"இருபத்தாறு வருஷமா அவர் கால்லதான் கிடக்கேன். முழங்காலுக்கு மேல பாத்ததில்ல," என்பான் அமெக். அதில் குறை இருக்காது. கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

கொட்டடியை ஒட்டிய கிடங்கில் தேவதாரு மரப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஜோடி. கன்றுக்குட்டித் தோல், நாணல், வடக்கே எங்கோ குளிர் தேசத்திலிருந்து வந்த வெள்ளை மரப்பட்டை, வார் முழுக்கத் தங்கத் தகடு. அத்தனைக்கும் இருப்பது ஒரே ஒரு ஜோடிக் கால். பாதிப் பெட்டிகள் வந்த நாளில் வைத்த களிமண் முத்திரை உடையாமலே இருந்தன. அவற்றைச் செய்த அமெக் வெறுங்காலோடு நடந்தான். அவனிடமும் பனையோலைச் செருப்பு ஒரு ஜோடி உண்டு. அது தேயக்கூடாது என்று கையில் பிடித்துக்கொண்டு போவான், வாசல் வந்ததும் போட்டுக்கொள்வான். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான், சிரிக்க ஒன்றுமில்லை.

தைப்பது யாருக்கும் வரும். அமெக்கின் கைவண்ணம் செருப்பின் உள்பக்கத்தில் இருந்தது. பெரிய வீட்டார் பாதம் படும் இடத்தில் இரண்டு எதிரிகளை வரைய வேண்டும். ஒரு செருப்பில் தாடிவைத்த வடக்கத்தியான், இன்னொன்றில் கறுத்த தெற்கத்தியான். இருவருக்கும் முழங்கை இரண்டையும் முதுகுப்பக்கம் இழுத்துக் கட்டியிருக்கும். அவர் எடுத்துவைக்கிற ஒவ்வோர் அடிக்கும் நாட்டின் எதிரிகள் மிதிபடுவார்கள். படம் என்றால் வெறும் படம் இல்லை, படத்துக்குள் ஆள் இருக்கிறான். கல்லறைச் சுவரில் ரொட்டியை வரைந்தால் செத்தவன் பசியாறுகிறான் என்றால், செருப்பில் வரைந்தவன் மட்டும் வலியில்லாமல் தப்புவானா?

அமெக்கின் மனைவி தனெஸி தெற்கத்திக்காரி. அவள் அப்பா தெமாவ், அரண்மனை உள்வாசலில் வில்லோடு நிற்கும் காவலாள். அமெக் முதன்முதலாகப் பெண் கேட்டுப் போனபோது தெமாவ் அவனை ஏற இறங்கப் பார்த்து, "செருப்புத் தைக்கிறவனா? நல்லது. வீட்டுக்குள்ள வெறுங்காலோட வருவான், தரை சுத்தமா இருக்கும்," என்றார். அவ்வளவுதான் கல்யாணப் பேச்சு. அதற்குப் பிறகு மாமனாரும் மருமகனும் ஒட்டிக்கொண்ட ஒட்டில் தனெஸிக்கே பொறாமை வந்தது. காவல் மாறியதும் கிழவர் நேராக மகள் வீட்டுக்கு வருவார். "மாப்ளே, கள்ளு புளிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே உட்காருவார். உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஏ அம்மா" என்று ஒரு நீளமான பெருமூச்சு விடுவார். பிறகு வெங்காயமும் உப்பு மீனுமாகப் பேச்சு நடக்கும்.

அவருடைய வலது காது நடுவில் கிழிந்து இரண்டு மடலாகத் தொங்கும். எப்படிக் கிழிந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார். சிறுவர்களிடம் முதலை என்பார். சக காவலர்களிடம் எதிரியின் அம்பு என்பார். அமெக்கிடம், "உன் மாமியார் கடிச்சது. உனக்கும் பொண்ணு கொடுத்திருக்கேன், காதப் பாத்துக்க," என்றார்.

பெரிய வீட்டார் சிம்மாசனம் ஏறி முப்பது ஆண்டு ஆன விழா வந்தது. அந்த விழாவில் மன்னர் எல்லைக் கற்களுக்கு இடையே ஓடிக் காட்ட வேண்டும். உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது, நாடு நிற்கும் என்று தெய்வங்களும், அன்றைக்கு மட்டும் தலைநிமிர அனுமதியுள்ள ஜனங்களும் பார்க்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கென்று புதுச் செருப்புக்கு உத்தரவு வந்தது. அமெக் மாதிரிப் பலகையை எடுக்கப் போனான். எதிரிகளின் முகத்தை அவன் குருவுக்குக் குரு வரைந்து வைத்த பலகை அது. அந்த முகங்கள் யாருடையவையும் அல்ல, வெறும் எதிரி முகங்கள். துணியைப் பிரித்தால், தாடிக்காரன் பத்திரமாக இருந்தான், தெற்கத்தியானைக் கரையான் தின்றிருந்தது.

'இத்தனை வருஷம் வரைஞ்ச கை, பலகை எதுக்கு?' என்று நினைத்துக்கொண்டான். சுண்ணாம்புக்கல் சில்லு ஒன்றில் ஒருமுறை வரைந்து பார்த்தான். நன்றாக வந்தது. இதுவரை வந்ததிலேயே உயிருள்ள முகம் என்று அவனுக்கே பட்டது. அதைப் பார்த்துச் செருப்பில் வரைந்து, பிசின் பூசி, தங்க வார் கோத்துக் கொடுத்தான். மேற்பார்வையாளர் மின்மோஸ் பெட்டியில் வைத்துக் களிமண் முத்திரை இட்டார். சில்லைக் கூடையில் போட்டுக்கொண்டு அமெக் வீட்டுக்கு வந்தான்.

அன்றைக்கென்று தனெஸியின் கள்ளுச் சாடி மூடி உடைந்துபோயிருந்தது. கூடையில் தட்டையாக ஏதோ கிடக்கிறதே என்று சில்லை எடுத்துச் சாடிமேல் வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"யோவ். இங்க வா."

"என்ன?"

"எங்கப்பா கைய ஏன்யா கட்டி வெச்சிருக்கே?"

அமெக் பார்த்தான். சிரிக்கும்போது சுருங்குகிற கண், அகன்ற நெற்றி, இடது புருவத்துக்கு மேலே தழும்பு, நடுவில் கிழிந்து இரண்டு மடலாகத் தொங்கும் காது. இருபத்தாறு வருடத்தில் அவன் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்த தெற்கத்தி ஆண்முகம் ஒன்றே ஒன்றுதான். கைக்குத் தெரிந்ததைக் கை வரைந்துவிட்டது.

"தெரியாம வரைஞ்சுட்டேன், தனெஸி."

"எதுல வரைஞ்சே? இந்தக் கல்லுல மட்டுந்தானே?"

அமெக் கூடையை எடுத்து மூலையில் வைத்தான்.

"சொல்லுய்யா! கல்லுல மட்டுந்தானே?"

"செருப்புலயும்."

தனெஸி சில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "படத்துக்குள்ள ஆளு இருக்கான்னு நீதானே எனக்குச் சொன்னே," என்றாள். "எழுபது வயசு ஆளு. அந்தக் கால் மேல ஏறினா தாங்குவாரா?" பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடிவாகச் சொன்னாள். "விழாவுக்குப் பதினோரு நாள் இருக்கு. அதுக்குள்ள அத அழிச்சுட்டு வா. அவர் கால் எங்கப்பா மேல பட்டுச்சுன்னா, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். அப்பாகிட்டச் சொல்லாதே." அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது.

மறுநாள் விடிந்ததும் அமெக் மின்மோஸின் காலில் விழுந்தான். ஒரு தையல் சரியில்லை, பெட்டியைத் திறந்தால் நொடியில் முடித்துவிடுவேன் என்று கெஞ்சினான்.

மின்மோஸ் நல்லவர்தான், பயந்தவர். "முத்திரைய உடைச்சா மூக்கு போயிரும். உன் மூக்கு இல்ல, என் மூக்கு," என்றார். "ஏம்ப்பா இப்படி உருகறே? உள்ள எத்தன பெட்டி இருக்கு? பாதியாவது அவர் போட்டிருக்காரா? இதையும் பாத்துட்டு, வேற கொண்டா-ன்னுருவார். போய் வேலையப் பாரு."

அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு அமெக் பதினோரு நாளைத் தள்ளினான். ஆறாம் நாள் தெமாவ் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்து, "ரெண்டு நாளா பிடரி வலி, மாப்ளே. கயிறு போட்டு இழுத்த மாதிரி இருக்கு," என்றார். கேட்ட அமெக் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். தனெஸி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பாவுக்கு எண்ணெய் காய்ச்சப் போனாள்.

"என்ன, ரெண்டு பேரும் சண்டையா?" என்றார் கிழவர்.

"இல்ல மாமா."

"பேசாத பொண்டாட்டி முதலை மாதிரி. தண்ணி அமைதியா இருக்கேன்னு காலை விட்டுறாதே."

விழா நாளில் செருப்பு செய்தவன் ஊசியும் வாரும் வைத்துக்கொண்டு அருகிலேயே இருக்க வேண்டும் என்பது முறை. அமெக் ஓட்டக் களத்தை ஒட்டிய சிறு அறையின் வெளியே மண்ணில் முகம் பதித்துக் கிடந்தான். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். முட்டியால் நகர்ந்து போனான். தரையில் இரண்டு கால் தெரிந்தன. முன்னால் அவன் செய்த புதுச் செருப்பு இருந்தது. வேறு பெட்டி கொண்டா என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கால்களைப் பார்த்து அமெக் திகைத்தான். அவன் அறிந்த அளவு இதுவல்ல. கணுக்கால் தெரியாமல் வீங்கி, கட்டைவிரல் முட்டி சிவந்து, வாசனைத் தைலத்தையும் மீறிக் காய்ச்சல் சூடு அடித்தது. வார் உள்ளே நுழையவில்லை.

"தளத்து," என்றது மேலேயிருந்து ஒரு குரல். அது பெரிய வீட்டார் குரல் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

செருப்பு அவன் மடியில் இருந்தது. கையில் ஊசி இருந்தது. மாமனார் கட்டுண்டு கிடந்தபடி அவனைப் பார்த்துச் சிரித்தார். ஒரு கீறல் போதும். ஆனால் மன்னர் கண்முன்னே எதிரியின் உருவத்தைக் கெடுப்பது எதிரியை அவிழ்த்துவிடுகிற வேலை. அதற்குத் தண்டனை என்ன என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எழுத்தர் ஒருவர் தலைமேலேயே நின்றார். அமெக் வாரைத் தளர்த்தினான்.

"இன்னும் தளத்து."

இன்னும் தளர்த்தினான். பிறகு அந்த வீங்கிய காலைத் தன் இரண்டு கையாலும் தூக்கி, மாமனார் முகத்தின்மேல் தானே வைத்தான். அவன் வாழ்நாளில் செய்ததிலேயே பெரிய துரோகம் இதுதான் என்று அவனுக்குப் பட்டது. கண்ணீர் சொட்டி மன்னர் காலில் விழுந்தது. பக்தி என்று நினைத்திருப்பார்கள். எழுந்திருக்கும்போது பெரிய வீட்டார் முட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஏ அம்மா" என்று ஒரு நீளமான பெருமூச்சு வந்தது.

களத்தின் ஓரம் முழுக்கக் காவலர் வரிசை. ஓடித் திரும்பும் எல்லைக் கல் பக்கத்தில் தெமாவ் வில்லோடு நின்றார். பெரிய வீட்டார் முதல் அடி வைத்தார். அமெக் மன்னரைப் பார்க்கவில்லை, மாமனார் கழுத்தைப் பார்த்தான். கிழவர் பனைமரமாய் நின்றார். பத்து அடி ஆயிற்று, இருபது ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. அமெக் மூச்சு விடத் தொடங்கிய நேரத்தில், திரும்பும் இடத்தில், தளர்த்திய வார் நழுவியது. செருப்பு புரண்டது. பெரிய வீட்டார் முகங்குப்புறச் சரிந்தார்.

வரிசையிலிருந்து ஒரு கறுத்த கை நீண்டு அவர் புஜத்தைப் பிடித்து நிறுத்தியது.

அந்த அமைதியை அங்கிருந்தவர்கள் சாகும்வரை மறக்கவில்லை. மன்னர் விழுந்தால் நாடு விழுந்தது. ஆனால் மன்னர் மேனியைத் தொட்டவனுக்கோ உயிர் கிடையாது. விசிறி பிடிப்பவர் கோலை ஓங்கிவிட்டார். தெமாவ் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் விழுந்துவிடுவார்.

"கோலைக் கீழ போடு," என்றார் பெரிய வீட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் விழாம பிடிச்சான். இவனுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. எழுதிக்கங்க." பிறகு இரண்டு செருப்பையும் உதறினார். "இத இவன்கிட்டயே கொடுங்க. எனக்கு வேண்டாம்." மீதி ஓட்டத்தை வெறுங்காலோடு முடித்தார். ஓட்டம் என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்கிறோம், நடைதான்.

தளர்த்தச் சொன்னது மன்னரேதான் என்பதால் அமெக்கின் தலை தப்பியது. கணக்குக்கு மின்மோஸ் கையால் ஐந்து பிரம்படி விழுந்தது. அடித்துவிட்டு அவரே தைலமும் கொடுத்தார்.

முதுகு எரிய அமெக் வீட்டுக்குள் நுழைந்தபோது தனெஸி துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாய் திறப்பதற்குள் வாசலில் தெமாவ் குரல் கேட்டது. பின்னால் தெருவே திரண்டு வந்திருந்தது. மன்னர் பாதம் பட்ட தங்கச் செருப்பை, அதுவும் உயிரோடு, ஒரு காவலாள் வாங்கி வருவதென்றால் சும்மாவா? கிழவர் எல்லோரையும் விரட்டிவிட்டு உள்ளே வந்து, வெள்ளைத் துணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தனெஸி பாய்ந்து போனாள். "கொடுப்பா, நான் உள்ள பத்திரமா வெச்சுடறேன்."

"ஆமா மாமா, வெளிச்சம் பட்டா தங்கம் மங்கிரும்," என்றான் அமெக். பதினோரு நாளுக்குப் பிறகு இருவரும் ஒரே கட்சி.

"தங்கம் மங்குதாம்! நல்லாச் சொன்னே போ," என்றார் கிழவர். "எதுக்கு இந்தப் பாடு? வழி பூரா பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். நல்லாத்தான் இருக்கேன். மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசு."

அமெக் அவர் காலில் விழுந்தான். வேண்டுமென்று செய்யவில்லை, பலகையைக் கரையான் தின்றுவிட்டது, கைக்கு வேறு முகம் தெரியவில்லை என்று அழுதுகொண்டே உளறினான். தெமாவ் அவன் தலையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"எந்திரி மாப்ளே, முதுகு கிழிஞ்சு கிடக்கு. முப்பது வருஷமா அந்த வாசல்ல நிக்கறேன். அவர் கால்ல என்ன படம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாளும் எங்க ஆளு ஒருத்தன மிதிச்சுக்கிட்டுத்தான் அவர் வெளிய வருவார். நான் வில்லத் தாழ்த்தி வணங்குவேன். இன்னிக்கு என் முறை, அவ்வளவுதான்."

"அப்புறம் ஏம்ப்பா பிடிச்சே? விட்டிருக்கலாமில்ல?" என்றாள் தனெஸி. கேட்டுவிட்டுப் பயந்து வாசலைப் பார்த்தாள்.

"கிழவன் ஒருத்தன் விழப்போனான், கை போயிருச்சு. கைக்கு என்ன தெரியும், அது யாரு கால், யாரு மூஞ்சின்னு?" கழுத்தைத் தடவினார். "அவருக்கும் முட்டி வலி. தினம் காலையில கதவுக்குப் பின்னால இருமறதக் கேட்டுக்கிட்டேதானே நிக்கறேன்."

செருப்பை மடியில் திருப்பி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கிழிந்த காதைத் தொட்டுக் காட்டினார்.

"மாப்ளே, காது எப்படிக் கிழிஞ்சதுன்னு கேப்பியே. முதலையும் இல்ல, மாமியாரும் இல்ல. எட்டு வயசுல எங்கள வரிசையா கழுத்துல கயிறு போட்டு, தங்கத்தோடயும் யானைத் தந்தத்தோடயும் படகுல ஏத்தி இந்தப் பெரிய வீட்டாரோட அப்பாவுக்குக் கொண்டாந்தாங்க. படகுக்கு நடக்கையில முன்னால போனவன் விழுந்தான். கயிறு மேல ஏறி, காதுல இருந்த வளையத்தோட இழுத்துருச்சு. அவன் எந்திரிக்கல."

தனெஸிக்கும் இது புதுக் கதை. அவள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் முட்டியைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். மூட்டை அவிழ்ந்து ஓரமாகக் கிடந்தது.

"இது இப்ப என் செருப்புதானே? எழுதிக் கொடுத்திருக்காங்களே?"

"ஆமா மாமா."

"முகத்தத் தொடாதே. நல்லா வந்திருக்கு. அந்தக் கயிற மட்டும் எடுத்துடு."

அமெக் கல்லுளியை எடுத்துவந்து வெளிச்சத்தில் உட்கார்ந்தான். பிசின் இறுகியிருந்தது. துணுக்குத் துணுக்காகச் சுரண்ட வேண்டியிருந்தது. தனெஸி விளக்கெண்ணெய் கொண்டுவந்து அவன் முதுகில் தடவினாள். "கை நடுங்காம செய்யி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்; அவனுக்கு அது போதும். மன்னருக்காக எத்தனையோ ஜோடி செய்தவன், அந்த விரலளவுக் கயிற்றை எடுக்கப் பட்ட பாட்டை வேறெதற்கும் பட்டதில்லை. முடித்ததும் ஊதித் துடைத்து மாமனார் கையில் கொடுத்தான்.

கிழவர் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு இன்னொரு செருப்பையும் பொட்டலத்திலிருந்து எடுத்து நீட்டினார். தாடிக்கார வடக்கத்தியான் அதில் முழங்கை கட்டுண்டு கிடந்தான்.

"இவனையும் அவுத்துடு மாப்ளே," என்றார். "எவனுக்கோ மாமனாராத்தான் இருப்பான்."